இயேசு சொன்ன முதல் கட்டளையில் கடவுள் ஒருவர். நாங்கள் எப்போது மூவர் என்றோம்? வகுப்பில் வந்த கேள்வி

கேள்வி
எழுதியவர்: கடலோர ரீச்சர் (முல்லைத்தீவு)

எல்லோருக்கும் வணக்கம். அளம்பில் பக்கம் ஒரு பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள். ஓ.எல். பரீட்சைக்குக் கத்தோலிக்க திருமறை எடுக்கிறவர்கள் என்பதால் மூவொரு கடவுள் பாடம் தலைகீழாகத் தெரியும். ‘கடவுள் ஒருவர், ஆட்கள் மூவர்’ என்று நித்திரையிலும் சொல்வார்கள். அதற்கு மேல் அவர்கள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

ஒரு பெடியனின் சித்தப்பா இஸ்ரேலுக்குத் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே முதலாளி வீட்டு வாசல் நிலையில் விரல் நீளத்துக்கு ஒரு சிறிய பெட்டி சரிவாக அடிக்கப்பட்டிருக்கிறதாம். முதலாளி போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிடுகிறாராம். படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். தேடிப் பார்த்தேன். பெயர் மெசூசா. உள்ளே இருப்பது தோல் சுருளில் எழுதிய இணைச்சட்டம் 6ஆம் அதிகாரம், ‘இஸ்ரயேலே, கேள், ஆண்டவர் ஒருவரே’ என்ற பகுதி. வகுப்பில் சந்தோஷமாக விளங்கப்படுத்தினேன்.

அப்போதுதான் அவன் கேட்டான்: “இதைத்தானே ரீச்சர் மாற்கு நற்செய்தியில் இயேசுவும் முதல் கட்டளை என்று சொல்கிறார்? அவரும் யூதர்தானே? இதில் மகனும் இல்லை, தூய ஆவியும் இல்லை. அப்ப நாங்கள் எப்ப மூவராக்கினோம்?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு கதைப்போம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். ‘அது மறைபொருள் பிள்ளை, அப்படியே விடு’ என்றார். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொன்னால் அவன் என்னையும் விட்டுவிடுவான், பாடத்தையும் விட்டுவிடுவான்.

யூதர்கள் ‘ஒருவர்’ என்பதை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள்? நாங்களும் அதையேதான் சொல்கிறோம் என்று நேர்மையாகச் சொல்ல முடியுமா? நல்ல உவமை இருந்தாலும் தாருங்கள்.

பதில் 1
எழுதியவர்: ஒட்டுசுட்டான் ஓட்டோக்காரன்

ரீச்சர், நான் சைவம். வேதக்காரர் விசயத்தில் வாய் வைக்கலாமோ தெரியாது, ஆனாலும் உவமை கேட்டபடியால் சொல்கிறேன். வில்வம். இதழ் மூன்று, காம்பு ஒன்று, அதை ஒரே இலையாகத்தான் சாத்துகிறோம். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும், மரமும் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று, கோபிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உங்கள் ஆட்கள் எங்களைப் பார்த்து ‘உங்களுக்கு எத்தனை கடவுள்?’ என்று பகிடி பண்ணுவார்கள். ஒருவனே தேவன் என்று திருமூலர் எங்களுக்கும் சொல்லித்தான் வைத்திருக்கிறார் என்றால் நம்பமாட்டார்கள். இப்ப அதே கேள்வி உங்கள் வகுப்புக்கே வந்திருப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

பதில் 2
எழுதியவர்: மாங்குளம் பழைய வாத்தியார்

தம்பியின் சந்தோஷம் நியாயமானது. அந்தப் பகிடியை அடித்த கூட்டத்தில் என் மாணவர்களும் இருந்திருப்பார்கள்.

ரீச்சர், நான் ஏ.எல். வகுப்புக்குக் கிறிஸ்தவ நாகரிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் முதல் ஆலோசனை: உவமை எடுக்காதீர்கள். வில்வம் வேண்டாம். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி அறவே வேண்டாம். ஒரே பொருள் மூன்று வேடம் போடுகிறது என்பது 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் பெயரில் திருச்சபை தள்ளிவிட்ட கருத்து. அதை எத்தனையோ மறைக்கல்வி வகுப்புகள் இன்றைக்கும் பக்தியோடு படிப்பிக்கின்றன.

உவமை ஏன் உதவாது என்பதற்கு ஒரு சம்பவமே இருக்கிறது. 1263இல் ஸ்பெயினின் பார்சலோனா நகரில், அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. ஒரு பக்கம் பப்லோ கிறிஸ்தியானி. யூதராகப் பிறந்து, மதம் மாறி, தொமினிக்கன் துறவியானவர். மறுபக்கம் ஜிரோனா நகரத்து ரபி, அதாவது யூத மதகுரு, நாக்மனிடீஸ். விவாதம் முடிந்த பிறகு ஓய்வு நாளன்று அரசரும் துறவிகளும் யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கே வந்து மூவொரு கடவுள் பற்றிப் பிரசங்கம் வைத்தார்கள். ஞானம், சித்தம், வல்லமை இந்த மூன்றும்தான் என்று விளக்கம். அரசரும் தன் பங்குக்கு ஓர் உவமை வைத்திருந்தார். வைன். அதில் நிறம், சுவை, மணம் என்று மூன்று உண்டு, பொருளோ ஒன்று.

நாக்மனிடீஸ் எழுந்தார். சிவப்பு வேறு, சுவை வேறு, மணம் வேறு, ஒன்றில்லாமல் மற்றது இருக்கும், ஆகவே இது உவமையே இல்லை என்றார். அதோடு விடவில்லை. கடவுளின் பண்புகளை இப்படி எண்ணத் தொடங்கினால் மூன்றில் ஏன் நிற்க வேண்டும்? அவர் உயிருள்ளவர் என்பதையும் சேர்க்க வேண்டும், கணக்கு ஐந்துக்கும் போகும் என்றார். உடனே பப்லோ எழுந்து, இது தேவதூதர்களுக்கும் விளங்காத ஆழமான மறைபொருள் என்றார். அதற்கு நாக்மனிடீஸின் பதில்: தெரியாத ஒன்றை ஒருவர் நம்ப முடியாது, அப்படியென்றால் தேவதூதர்கள் மூவொரு கடவுளை நம்புவதில்லை! பப்லோவின் கூட்டாளிகளே அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டார்களாம்.

இது நாக்மனிடீஸ் தானே எழுதிய குறிப்பு. எதிர்ப்பக்கத்தார் இலத்தீனில் எழுதி வைத்தது வேறு மாதிரி, அதில் வென்றவர் பப்லோ. அது கிடக்கட்டும். உங்களுக்கு ‘மறைபொருள், அப்படியே விடு’ என்று சொன்ன பெரியவருக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, யூதர் பக்கம். ‘கேள் இஸ்ரயேலே’ என்பதை அவர்கள் காலையும் மாலையும் சொல்கிறார்கள். சாகும் தறுவாயிலும் அதுதான். கிபி 135ஐ ஒட்டி உரோமையர் ரபி அக்கிபாவைச் சித்திரவதை செய்து கொன்றபோது, அதன் ‘ஒருவர்’ என்ற கடைசிச் சொல்லை இழுத்து உச்சரித்தபடியே உயிர் போனது என்று யூத ரபிமாரின் பழைய தொகுப்பு நூலான தல்மூத் சொல்கிறது. பிறகு 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரை ஊர்களில் யூதர்களைக் கொன்றபோதும் செத்தவர்கள் வாயில் இருந்தது இதே வரி. கொன்றவர்களின் உடுப்பில் இருந்தது சிலுவை. இதைத் தெரியாமல் ‘யூதருக்கு மூவொரு கடவுள் விளங்கவில்லை’ என்று லேசாகச் சொல்லிவிட முடியாது.

அந்த ஒருமைக்குத் தத்துவமாக வரையறை தந்தவர் மைமோனிடீஸ் (1138–1204). கொர்தோவாவில் பிறந்து எகிப்தில் மறைந்தவர், வைத்தியர். யூதர் இவரை ரம்பாம் என்பார்கள், நாக்மனிடீஸை ரம்பான் என்பார்கள்; ஓர் எழுத்தில் ஆள் மாறிவிடும், பரீட்சைத் தாளில் நிறையப் பேர் விழுந்த இடம். மைமோனிடீஸின் பதின்மூன்று கோட்பாடுகளில் இரண்டாவது இது. கடவுள் ஒருவர், ஆனால் ஓர் இனத்தில் ஒருவர் என்ற மாதிரி அல்ல, பல உறுப்புகள் சேர்ந்த ஓர் உடல் மாதிரியும் அல்ல, பகுத்துக்கொண்டே போகக்கூடிய எண் ஒன்று மாதிரியும் அல்ல. அவருடைய ஒருமைக்கு இணையான ஒருமை வேறெங்கும் இல்லை. கடவுள் ஞானமுள்ளவர் என்று சொன்னால்கூட, கடவுள் வேறு ஞானம் வேறு என்று பிரித்துவிடாமல் சொல்ல வேண்டும் என்பார்.

ஆனால் எல்லா யூதரும் மைமோனிடீஸ் இல்லை. கபாலா என்ற அவர்களின் மறைஞான மரபு கடவுளின் வெளிப்பாடுகளைப் பத்து செபிரோத் என்று பேசும். 14ஆம் நூற்றாண்டில் ரபி ஐசக் பார் ஷேஷெத் தன் பதில் கடிதம் ஒன்றில், தத்துவம் படித்த ஒருவர் கபாலாக்காரரைப் பற்றிச் சொன்ன குத்தலைக் குறித்து வைத்திருக்கிறார்: கிறிஸ்தவர்கள் மூன்றை நம்புகிறார்கள், இவர்கள் பத்தை நம்புகிறார்கள். வீட்டுக்குள்ளேயே சண்டை.

இனி எங்கள் பக்கம். பெடியன் ‘எப்ப ஆக்கினோம்’ என்று கேட்டது மிகச் சரியான கேள்வி. பெரும்பாலானோர் 325இல் ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கம் என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அது பிந்திய கதை. கிபி 55ஐ ஒட்டி பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் கடிதம், 8ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். விசயம் சிலைக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்பது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சோற்றை வாங்கலாமா கூடாதா என்று எங்கள் வீடுகளில் நடக்கிற அதே வாக்குவாதம்தான். அதற்குப் பதில் சொல்லும்போது பவுல், நமக்குக் கடவுள் ஒருவரே, அவர் தந்தை, எல்லாம் அவரிடமிருந்து வருகிறது. ஆண்டவர் ஒருவரே, அவர் இயேசு கிறிஸ்து, எல்லாம் அவர் வழியாக வருகிறது என்கிறார். இணைச்சட்ட வரியில் ‘நம் கடவுள்’, ‘ஆண்டவர்’, ‘ஒருவர்’ மூன்றும் இருக்கின்றன. பவுல் அதை உடைத்து எறியவில்லை, அதற்குள்ளேயே இயேசுவைக் கொண்டுபோய் வைக்கிறார். பவுல் ஒரு பரிசேயர், யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பிடிக்கிற பிரிவைச் சேர்ந்தவர். அந்தச் செபத்தைச் சிறுவயது முதல் சொல்லி வளர்ந்தவர். இயேசு சிலுவையில் இறந்து முப்பது வருடம்கூட ஆகாத காலம் அது.

அதாவது தத்துவக்காரர் உட்கார்ந்து மூன்று என்று கணக்குப் போட்டு வந்த கோட்பாடு அல்ல. ஒருவரைத் தவிர வேறு யாரையும் வணங்காத யூதர்கள் சிலர், இயேசுவின் பெயரைச் சொல்லி மன்றாடத் தொடங்கிவிட்டார்கள். ஒரே கடவுளையும் விடவில்லை, இயேசுவையும் விடவில்லை. இரண்டையும் விடாமல் எப்படிப் பேசுவது என்பதில்தான் அடுத்த முந்நூறு வருடச் சண்டை முழுதும். ஆரியுஸ் என்ற குரு, மகன் படைக்கப்பட்டவர் என்றார். கேட்க எளிதாக இருக்கும்; ஆனால் அப்படியானால் படைப்பு ஒன்றை வணங்குகிறோம் என்றாகிவிடும், முதல் கட்டளை உடைந்துவிடும். நிக்கேயா அவரைத் தள்ளியது. 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் தூய ஆவி பற்றிய பகுதியை விரித்தது. ஞாயிறு பூசையில் சொல்கிற விசுவாசப் பிரமாணம் ‘ஒரே கடவுள்’ என்றுதான் தொடங்குகிறது, பிள்ளைகளை அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அப்ப மூவர் எப்படி மூன்று கடவுள் இல்லை? நீசா நகர் கிரகோரியார் இதற்காகவே 4ஆம் நூற்றாண்டில் ஒரு சிறு நூல் எழுதினார். மூன்று மனிதர் ஒரே தொழில் செய்தாலும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் செய்கிறார்கள். கடவுளில் அப்படி இல்லை. தந்தை ஒரு வேலை, மகன் ஒரு வேலை, ஆவி ஒரு வேலை என்று பங்கு பிரிப்பு இல்லை. ஒரே செயல் தந்தையிடமிருந்து தொடங்கி, மகன் வழியாக, ஆவியில் நிறைவேறுகிறது. ஆகவே கடவுள் ஒருவர். இது நாக்மனிடீஸைத் திருப்திப்படுத்தாது. ஆனால் வைனை விட நூறு மடங்கு நல்ல பதில்.

உண்மையில் கணக்கு முழுதும் தீர்ந்துவிட்டது என்று வைத்தாலும் யூதர் வரமாட்டார். மைமோனிடீஸின் மூன்றாவது கோட்பாடு, கடவுளுக்கு உடல் இல்லை என்பது. நாங்களோ அவர் மரியாளிடம் பிறந்து, பசித்து, அழுது, செத்தார் என்கிறோம். பிரிவு அங்கேதான், மூன்று என்ற எண்ணில் இல்லை. இதை மட்டும் உங்கள் பெடியன் பிடித்துக்கொண்டால் போதும், பரீட்சைப் புத்தகத்துக்கு வெளியே வந்துவிடுவான்.

நிலையில் அந்தப் பெட்டி ஏன் சரிவு என்றும் கேட்பான். யூத உரையாசிரியர் ராஷி நேராக நிற்க வேண்டும் என்றார், அவருடைய பேரன் ரபேனு தாம் படுக்கையாக வைக்க வேண்டும் என்றார். இரண்டுக்கும் நடுவில் சரித்து அடித்துவிட்டார்கள்.

பதில் 3
எழுதியவர்: கிளிநொச்சி சபை ஊழியன்

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். வாத்தியார் ஐயா மனுஷருடைய தத்துவங்களை நிறைய எழுதியிருக்கிறார். வேதத்தில் நேரடியாகவே இருக்கிறதே. ஆதியாகமம் 1:26இல் தேவன் ‘நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக’ என்கிறார். யாரோடு பேசுகிறார்? ஏசாயா 6இல் சேராபீன்கள் மூன்று முறை பரிசுத்தர் என்கிறார்கள். யோர்தானில் குமாரன் தண்ணீரில், ஆவியானவர் புறாவைப்போல், பிதாவின் சத்தம் வானத்தில். இதற்கு மேல் என்ன வேண்டும்? யூதர்களுடைய மனதில் முக்காடு இருக்கிறது என்று பவுல் 2 கொரிந்தியர் 3இல் எழுதியிருக்கிறாரே.

ஆனால் ஒன்று, எங்கள் பக்கத்திலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுத்து, பிதாவும் ஆவியும் இயேசுதான் என்று போதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சபையிலிருந்தும் ஒரு குடும்பம் அங்கே போய்விட்டது. அவர்களும் உபாகமம் (நீங்கள் இணைச்சட்டம் என்கிறது) 6:4ஐத்தான் காட்டினார்கள்.

பதில் 4
எழுதியவர்: மாங்குளம் பழைய வாத்தியார்

தம்பி, கடைசியில் சொன்னது முக்கியமான விசயம். யூதரின் வசனத்தை வைத்துக் கிறிஸ்தவரே கிறிஸ்தவரோடு சண்டை பிடிக்கிறார்கள். 1913ஐ ஒட்டி அமெரிக்கப் பெந்தெகொஸ்தேக்காரரிடையே தொடங்கியது, இப்ப கிளிநொச்சி வரை வந்துவிட்டது. நான் முன்பு சொன்ன சபெல்லியுஸ்தான் வேறு உடுப்பில்.

‘உண்டாக்குவோம்’ என்பதை யூதர் பார்க்காமல் விடவில்லை. கடவுள் தேவதூதர்களோடு கலந்து பேசினார், பெரியவர் சிறியவரிடம் அபிப்பிராயம் கேட்கும் பணிவை அது காட்டுகிறது என்பார் ராஷி. அடுத்த வசனத்தில் படைத்தவர் ஒருமையில்தான் வருகிறார். அவர்களின் பழைய உரையான ஆதியாகம ரபாவில் அழகான கதை ஒன்று உண்டு. மோசே எழுதிக்கொண்டு வந்து இந்த இடத்தில் நின்றுவிடுகிறார். ஆண்டவரே, மறுப்பவர்களுக்கு ஏன் இப்படி வாசல் திறந்து விடுகிறீர் என்று கேட்கிறார். ‘நீ எழுது. பிழைவிட விரும்புகிறவன் விடட்டும்’ என்று பதில் வருகிறது. உங்கள் வாதத்தை அவர்கள் ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னமே கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

யோர்தான் காட்சி நல்ல இடம்தான், ஆனால் அது எங்கள் நூல். நம்புகிறவனுக்கு அது சாட்சி. யூதனோடு விவாதம் செய்ய அதை எடுக்க முடியாது.

முக்காடு விசயம் கொஞ்சம் பொறுமையாக. கத்தோலிக்கர் நாங்களும் பெரிய வெள்ளியில் யூதரை ‘நம்பிக்கைத் துரோகிகள்’ என்று சொல்லியே செபித்து வந்தோம். 1959இல் பாப்பரசர் 23ஆம் யோவான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு யூதர் எல்லோரையும் பழி சொல்லக்கூடாது என்று தெளிவாக அறிவித்தது.

அவர்கள் பக்கமும் ஒரே குரல் இல்லை. கிறிஸ்தவ வழிபாடு சிலைவழிபாடுதான் என்று மைமோனிடீஸ் தீர்த்துவிட்டார். இஸ்லாத்தை அப்படிச் சொல்லவில்லை. ஏறக்குறைய நூறு வருடத்துக்குப் பிறகு தென் பிரான்சில் மெயீரி என்ற ரபி, மதக் கட்டுப்பாட்டுக்குள் வாழ்கிற மக்களைச் சிலைவழிபாட்டுக்காரரோடு சேர்க்கக்கூடாது என்று எழுதினார். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரபிமாரும் யூத அறிஞர்களும் சேர்ந்து ‘தப்ரு எமெத்’ என்ற அறிக்கை விட்டார்கள். அதிலுள்ள கூற்றுகளில் முதலாவதே யூதரும் கிறிஸ்தவரும் வணங்குவது ஒரே கடவுளை என்பதுதான். ஜோன் லெவன்சன் போன்ற யூத அறிஞர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். வேறுபாட்டை மெழுகிப் பூசுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. எனக்கு லெவன்சன் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. ஒரே கடவுள்தான், ஆனால் அந்தக் கடவுள் என்ன செய்தார் என்பதில் இரு வீட்டாரும் சொல்வது ஒன்றல்ல.

பதில் 5
எழுதியவர்: கடலோர ரீச்சர்

ஐயா, மிக்க நன்றி. ஓட்டோத் தம்பிக்கும் ஊழியர் தம்பிக்கும் நன்றி. நான் உவமை தேடித்தான் இங்கே வந்தேன், அதையே பிடுங்கி எறிந்துவிட்டீர்கள்.

பெடியன் இன்னொன்றும் அனுப்பியிருக்கிறான். அவன் சித்தப்பா நத்தார் பூசைக்கு முதலாளியையும் கூப்பிட்டாராம். மனிதர் சிரித்து, வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன், உள்ளே வரமாட்டேன் என்றாராம். ஏன் என்று பெடியனுக்குத் தெரிய வேண்டுமாம்.

பதில் 6
எழுதியவர்: மாங்குளம் பழைய வாத்தியார்

மத ஒழுங்கு பார்க்கிற யூதர் பலர் கிறிஸ்தவக் கோயிலுக்குள் வரமாட்டார்கள். பள்ளிவாசலுக்குள் போவதற்கு அவ்வளவு தடை இல்லை. மேலே சொன்ன மைமோனிடீஸின் தீர்ப்பு இன்னும் வேலை செய்கிறது, அவ்வளவுதான். வாசல் வரை கூட்டிவந்து விடுகிறேன் என்ற மனிதர் நல்லவர்.

வகுப்புக்கு: மாற்கு 12:28 முதல் 34 வரை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். மறைநூல் அறிஞர் ஒருவர் கேட்கிறார், இயேசு அந்தச் செபத்தையே பதிலாகச் சொல்கிறார், அறிஞர் ‘நன்று போதகரே’ என்கிறார், நீர் இறையாட்சிக்குத் தொலைவில் இல்லை என்று இயேசு சொல்கிறார். இரண்டு யூதர், கடவுளின் ஒருமையில் முழு உடன்பாடு. அங்கே நிறுத்துங்கள். 35ஆம் வசனத்தில் இயேசு திரும்பிக் கேட்கிறார், மெசியா (யூதர் எதிர்பார்க்கிற மீட்பர்) தாவீதின் மகன் என்றால் தாவீதே அவரை ஏன் ஆண்டவர் என்று அழைக்கிறார் என்று. பிரிவு தொடங்குகிற இடம் அது. அதை அதற்கு அடுத்த ஞாயிறுக்கு வையுங்கள். இந்தப் பெடியன் எப்படியும் முதலே வாசித்துவிட்டுத்தான் வருவான், அதற்கு ஆயத்தமாக, இயேசு அங்கே எடுத்துக்காட்டுகிற 110ஆம் திருப்பாடலையும் ஒருக்கால் பார்த்துக்கொண்டு போங்கள்.